ஒரு நிமிட வாசிப்பு டெஸ்ட் போதுமா? பிள்ளைகளை லெவல் பிரிப்பது சரியா?

கரும்பலகை:

நான் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 38 பிள்ளைகள். இந்த மாதம் எல்லோருக்கும் வாசிப்புச் சோதனை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை இதுவரை பார்க்காத பத்தி ஒன்றைக் கொடுக்க வேண்டும், ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு நிமிடம் வாசிக்க விட வேண்டும், சரியாக வாசித்த சொற்களை எண்ண வேண்டும். அந்த எண்ணை வைத்து நான்கு லெவல், லெவலுக்கு ஒரு நிறம். நிறப் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டும்.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் நாளே ஒன்று உறுத்தியது. இரண்டு பிள்ளைகள் சரியாக 41 சொல் வாசித்தார்கள். ஒருத்தி விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தாள். நிமிடம் முடிந்தபோது பத்தியில் பாதிகூட ஆகவில்லை. அதுவரை வந்த கதையைக் கேட்டேன், யார், எங்கே, ஏன் என்று அத்தனையும் சொன்னாள். இன்னொருவன் கடகடவென்று ஓடினான். சொல்லின் தலையைப் பார்ப்பான், வாலை ஊகிப்பான். நிறையத் தப்பு, தப்பைக் கழித்தால் 41. கதையில் யார் வந்தார்கள் என்று கேட்டால் விழிக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே நிறம், ஒரே குரூப். இவர்களுக்கு நான் ஒரே பாடத்தையா நடத்துவது?

நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

மணிக்கூண்டு:

டீச்சர், பட்டியலைச் சுவரில் ஒட்டுவதைப் பற்றி அப்புறம் பேசுவோம். டெஸ்டை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

எண் எதுவும் இல்லாத காலத்திலும் நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்போது என் வகுப்பில் ஒரு பெண். முத்து முத்தான கையெழுத்து, பாடத்தைத் திறந்தால் தட்டாமல் வாசிப்பாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று நானும் இருந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்புக்குப் போனபிறகுதான் தெரிந்தது, அவள் வாசிக்கவே இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறாள். புதுப் பத்தியில் இரண்டு சொல் சேர்ந்தாற்போல வரவில்லை. மூன்று வருடம் போய்விட்டது. தெரியாத பத்தியும் ஒரு நிமிடமும் இருந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

வேகத்துக்கும் அர்த்தம் இருக்கிறது. எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் முழுவதும் போய்விட்டால் பொருளுக்கு மிச்சம் இருக்காது. வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும்.

லெவல் பிரிப்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ஏசர் கணக்கெடுப்பு 2005 முதல் எழுத்து, சொல், பத்தி, கதை என்று எளிய படிகளை வைத்துத்தான் பிள்ளைகளைப் பார்க்கிறது. அதே படிகளை வைத்து, எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்த நிலை என்று பார்த்துச் சேர்த்துக் கற்பித்தார்கள். களச் சோதனைகளில் பலன் தெரிந்தது. மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எழுத்தே தெரியாத பிள்ளை முன்னால் திறந்து வைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஒற்றைக்கொம்பு:

மணிக்கூண்டு சார், அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொடுத்தது தெரியாத பத்தி. கடிகாரம் இல்லை.

என் வகுப்பில் போன வாரம் வைத்த பத்தியில் ஒரு வரி: "மழை பெய்ததால் குழந்தைகள் மரத்தடியில் ஒதுங்கினார்கள்." மூன்று பேர் இந்த வரியில் ஆளுக்கு ஒரு தப்பு விட்டார்கள்.

முதல் பையன் "மலை பெய்ததால்" என்றான். அவனுக்கு ழகரம் நாக்கில் வராது, பேசும்போதும் அப்படித்தான். வானத்திலிருந்து விழுவது எது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது பெண் "மழை பெய்தால்" என்று வாசித்தாள். ஒரு 'த' போனதும் நடந்து முடிந்தது இனிமேல் நடக்கப்போவதாக மாறிவிட்டது. வரி ஒட்டவில்லை, ஆனால் அவள் நிற்காமல் போய்விட்டாள். மூன்றாமவன் "ஒதுங்கினர்" என்றான். பொருள் அப்படியே இருக்கிறது. அவன் கண் வாயைவிட முன்னால் போகிறது, நன்றாக வாசிக்கிறவர்கள் செய்கிற தப்பு அது.

எண்ணிக்கையில் மூன்றும் ஒரு தப்புதான். ஆனால் முதலாமவனுக்கு வேண்டியது உச்சரிப்புப் பயிற்சி, மூன்றாமவனுக்கு இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். நடுவில் இருக்கிற பெண்ணுக்குத்தான் நான் உட்கார வேண்டும். வாசித்தது ஒட்டவில்லை என்றால் நின்று திரும்பிப் பார்க்க அவளுக்குப் பழக்க வேண்டும். எண் மட்டும் இருந்தால் இவளை எப்படிக் கண்டுபிடிப்பேன்?

நியூசிலாந்தின் மேரி கிளே உருவாக்கிய ரன்னிங் ரெக்கார்ட் இதற்காகத்தான். பிள்ளை வாசிக்க வாசிக்க ஒவ்வொரு சரியான சொல்லுக்கும் ஒரு டிக். தப்பாக வாசித்தால் வாசித்தபடியே மேலே எழுதிவிட வேண்டும். தானே திருத்திக்கொண்டால் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். எனக்கு இந்தக் கடைசிக் குறிதான் பெரிது. பொருளைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிற பிள்ளைதான் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

மணிக்கூண்டு:

மழை உதாரணம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றால் 38 பேருக்கு 190 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒரு டீச்சர் ஒரு மூலையில் உட்கார்ந்து குறிப்பு எழுதினால் மீதி 37 பேர் என்ன செய்வார்கள்? ஒரு நிமிட டெஸ்ட் சல்லடை மாதிரி. முதலில் சலித்துவிட்டு, தங்கியவர்களோடு உட்காருங்கள். எல்லோரிடமும் அவ்வளவு நேரம் செலவழிக்க முடியாது.

திண்ணைத்தூண்:

நான் ஆசிரியர் இல்லை, ஒரு அம்மா. சுவரில் ஒட்டுவதை அப்புறம் பேசலாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அதுதான் முதலில் பேச வேண்டிய விஷயம்.

என் மகன் படித்த இடத்தில் இப்படி நிறம் கொடுத்தார்கள். அவனுக்குச் சிவப்பு. ஒருநாள் நூலகத்தில் திமிங்கிலம் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து, அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டான். ஏன்டா என்று கேட்டேன். "அது பச்சைப் பிள்ளைங்களுக்கு" என்றான். பச்சை நிறம் வாங்கிய பிள்ளைகளைச் சொல்கிறான் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. திமிங்கிலம் எவ்வளவு நேரம் மூச்சடக்கும் என்று தினமும் என்னை நச்சரிக்கிற பிள்ளை அவன்.

யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. நிறம்தான் கொடுத்தார்கள். தயவுசெய்து அந்தப் பட்டியலை ஒட்டாதீர்கள் டீச்சர்.

நூலகப்படி:

திண்ணைத்தூண் அம்மா சொல்வதை நான் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன், நூலகத்தில்தான் வேலை. புத்தகங்களுக்கு ஏ முதல் இசட் வரை படிநிலை போட்டவர்கள் ஃபவுன்டாஸ், பின்னெல் இருவரும். லெவல் என்பது ஆசிரியரின் கைக்கருவி, பிள்ளைக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று. லெவல் பிள்ளைக்குள் இருக்கிற ஒரு நிலையான பொருள் மாதிரிப் பேசுகிறோம். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பத்தியை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்ட, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கும் ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். அந்தப் பையனுக்குத் திமிங்கிலப் பத்தி கொடுத்துச் சோதித்திருந்தால் வேறு நிறம் வந்திருக்கும். எந்தப் பத்தியை வைத்தோம் என்பதைச் சொல்லாமல் லெவலை மட்டும் சொல்வது அரைத் தகவல்.

மணிக்கூண்டு:

சுவர்ப் பட்டியல் கூடாது. இதில் எனக்கு மறுபேச்சே இல்லை, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மன்னியுங்கள் அம்மா.

ஆனால் நூலகப்படி போகிற பாதையில் நான் வரமாட்டேன். 100 சொல்லில் 80தான் பிள்ளைக்குப் பிடிபடுகிறது என்றால், ஆசையாக எடுத்தான் என்பதற்காக அந்தப் புத்தகத்தோடு தனியே விட்டால் இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுவான். வாசிப்பு ஆய்வாளர் எம்மெட் பெட்ஸ் 1946லேயே கோடு போட்டார்: 99 சதவீதம் சரியாக வாசித்தால் தனியே வாசிக்கலாம், 95 என்றால் ஆசிரியர் துணையோடு, 90க்குக் கீழே போனால் பிள்ளை திணறும். இதைப் பார்க்காமல் விடுவது அன்பு ஆகாது.

ஒற்றைக்கொம்பு:

பெட்ஸ் சதவீதத்தோடு நிற்கவில்லையே சார். புரிதலையும் சேர்த்தே கேட்டார்: துணையோடு வாசிக்கும் நிலைக்கு 75 சதவீதம், தனியே வாசிக்க 90. நாம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டோம்.

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்பதில் இன்னொரு சிக்கல், அது நம் மொழியின் சிக்கல். பெரும்பாலும் காட்டப்படுவது ஹாஸ்ப்ரூக், டின்டல் இருவரும் வகுப்புவாரியாக வாசிப்பு வேகம் போட்ட அமெரிக்க அட்டவணை. 2017 பதிப்பில் இரண்டாம் வகுப்பு முடிவில் நடுத்தரப் பிள்ளைக்கு நிமிடத்துக்கு 100 சொல். அது ஆங்கிலச் சொல். தமிழில் "வந்துகொண்டிருந்தவர்களுக்கு" ஒரே சொல். இதை ஆங்கிலத்தில் சொல்ல நாலைந்து சொல்லாவது வேண்டும். அந்த எண்ணைத் தமிழ்ப் பிள்ளை மேல் வைத்தால் பாதி வகுப்பு சிவப்பாகும். தமிழில் ஒரு பத்தியையும் இன்னொரு பத்தியையும் ஒப்பிடுவதென்றால்கூடச் சொல்லை எண்ணாமல் எழுத்தை எண்ணுவதுதான் நியாயம்.

அப்புறம், "பார்த்தான்" என்று இருப்பதைப் பிள்ளை "பாத்தான்" என்று வாசித்தால் நீங்கள் என்ன போடுவீர்கள்?

மணிக்கூண்டு:

தப்பு என்று போடுவேன். எழுத்துத் தமிழ் தனியாகக் கற்க வேண்டிய ஒன்று. இங்கே விட்டால் எழுதும்போதும் "பாத்தான்" என்றுதான் எழுதுவான்.

செவிவழி:

வாசிப்பில் சிரமப்படும் பிள்ளைகளோடு மட்டும் வேலை செய்கிறவள் நான். "பாத்தான்" தப்பும் இல்லை, சரியும் இல்லை, அதற்குத் தனிக் கட்டம் போடுங்கள். அந்தப் பிள்ளை எழுத்தைப் படித்து, பொருளைப் பிடித்து, தன் பேச்சில் திருப்பிச் சொல்லியிருக்கிறது. எழுத்து வடிவத்துக்குக் கவனத்தைத் திருப்பினால் போதும். எழுத்தே தெரியாமல் "பறந்தான்" என்று ஊகிக்கிற பிள்ளையோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள்.

புரிதல் கேள்வி பற்றியும் ஒரு எச்சரிக்கை. "சிமிலி பொடலையில் தழுங்கியது. சிமிலி எங்கே தழுங்கியது?" பொடலையில் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள், ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல். வகுப்பில் நாம் கேட்கிற கேள்விகளில் நிறைய இந்த ரகம். ஏன், அடுத்து என்ன ஆகும், உன் சொல்லில் சொல் என்று கேளுங்கள்.

எனக்கு மிகவும் உதவுவது ஒரு சின்ன வேலை. பிள்ளை வாசித்துப் புரியாமல் நின்றால், அதே அளவு கடினமான வேறொரு பத்தியை நான் வாசித்துக் காட்டி, அதே மாதிரிக் கேள்விகளைக் கேட்பேன். காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் வாசித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்தில். கேட்டாலும் புரியவில்லை என்றால் சிக்கல் சொல்வளத்திலோ, விஷயம் பழக்கமில்லாததிலோ. 1986இல் காஃப், டன்மர் இருவரும் சொன்னது இதுதான்: எழுத்தைப் படிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. ஒன்று பூஜ்யமென்றால் மொத்தமும் பூஜ்யம். எந்தப் பக்கம் குறைகிறது என்று ஒரு நிமிட எண் சொல்லாது.

எழுத்துப் பக்கம் என்று தெரிந்தால் கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இதை மறந்துபோகிறோம்.

கரும்பலகை:

திரும்ப வந்து எழுதுகிறேன், பத்து பள்ளி நாள் ஆகிறது. ஒரே நாளில் 190 நிமிடம் முடியாது, ஆனால் தினம் நான்கு பேர் முடிந்தது. மற்றவர்கள் பிடித்த புத்தகத்தை ஜோடி ஜோடியாக வாசித்தார்கள். முதல் இரண்டு நாள் இரைச்சல்தான், அப்புறம் பழகிவிட்டது. பட்டியலை என் நோட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று தலைமையாசிரியரிடம் பேசிப் பார்த்தேன், ஒப்புக்கொண்டார்கள்.

அந்த 41, 41 பிள்ளைகள். விரல் வைத்து வாசித்தவள் எல்லா இடத்திலும் மெதுவாக இல்லை. குறிப்பைப் பார்த்தால் அவள் நிற்பது முக்கால்வாசி ற்ற, ன்ற வருகிற இடங்களில்: காற்று, நேற்று, கன்று, சென்றான். அதை மட்டும் எடுத்துத் தினம் ஐந்து நிமிடம் உட்கார்கிறோம். ஓடியவனுக்கு நான் வாசித்துக் காட்டியபோது எல்லாம் புரிந்தது. ஸ்டாப்வாட்சை மேசைக்குள் வைத்துவிட்டு, எனக்குக் கதை சொல்கிற மாதிரி வாசி என்றேன். மெதுவாக வாசித்தான், மூன்று இடத்தில் தானே நின்று திருத்திக்கொண்டான். அவன் இத்தனை நாள் கடிகாரத்துக்காக வாசித்திருக்கிறான்.

ஆனால் நான் எதிர்பார்க்காதது வேறு. ஒரு நிமிட டெஸ்டில் மேலே வந்தவர்களில் மூன்று பேர் தட்டாமல், அழகாக, தப்பே இல்லாமல் வாசிக்கிறார்கள். கதையைச் சொல்லச் சொன்னால் வரவில்லை. நான் வாசித்துக் காட்டினாலும் வரவில்லை. மூன்று பேருக்கும் பச்சை கொடுத்திருப்பேன்.

செவிவழி:

இவர்களை யாரும் என்னிடம் அனுப்பவே மாட்டார்கள், நன்றாக வாசிக்கிறார்களே என்று. பெரிய வகுப்புக்குப் போய்ப் பாடம் கனக்கும்போதுதான் மாட்டுவார்கள். இப்போதே தினமும் நிறைய வாசித்துக் காட்டுங்கள், வாசித்ததைப் பற்றி அவர்களைப் பேச விடுங்கள். கேள்வி பதிலாக வேண்டாம், பேச்சாக இருக்கட்டும்.

மணிக்கூண்டு:

அந்த மூன்று பேரையும் என் சல்லடை விட்டிருக்கும். தங்குகிறவர்களைத்தான் இத்தனை வருடம் பார்த்தேன், கீழே போனவர்களைத் திரும்பிப் பார்த்ததில்லை.

"பாத்தான்" விஷயத்தில் எனக்கு இன்னும் மாற்றுக் கருத்து உண்டு, அதை விடமாட்டேன். ஆனால் டீச்சர், நீங்கள் வைத்த இரண்டு பத்தியையும், கேட்ட கேள்விகளையும் இங்கே போட முடியுமா? திங்கட்கிழமை என் வகுப்பில் மேலே வந்த பிள்ளைகளிடமிருந்து தொடங்குகிறேன்.