வால்வு கிட்டார் ஆம்ப் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது, வெள்ளிக்கிழமை கச்சேரி, உதவி தேவை

காரைக்குடி கிட்டார்
வணக்கம். என் வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வில் ஓடுகிற பெட்டி) நேற்றிலிருந்து ஃபியூஸை எரித்துக்கொண்டே இருக்கிறது. புதுசு போட்டால் கொஞ்ச நேரம் பாடுகிறது, அப்புறம் செத்துப்போகிறது. வெள்ளிக்கிழமை கானாடுகாத்தானில் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கு வாசிக்க ஒத்துக்கொண்டுவிட்டோம். இந்தப் பக்கம் வால்வு பார்க்கிற மெக்கானிக் கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

தேவகோட்டை பேஸ்
எத்தனை வாட் தம்பி? ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் வால்வு என்ன நம்பர்? ஸ்விட்ச் போட்ட உடனே ஃபியூஸ் போகிறதா, வால்வு சூடான பிறகா? அதைச் சொன்னாலே பாதி விளங்கிவிடும். உடனே போனால் கரண்ட் உள்ளே வருகிற பக்கம், அதாவது டயோடு, ஃபில்டர் கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர். சூடான பிறகு போனால் பவர் வால்வு பக்கம்.

புதுவயல் சவுண்டு
அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் யாராவது கொண்டுவந்த ஆம்பா? அப்படியென்றால் அது 120 வோல்ட் பெட்டி. நம் 230-ல் நேராகச் செருகினால் ஃபியூஸ் போகத்தான் செய்யும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், தீர்ந்தது.

சாலிடர் சார்
வாட் இல்லை, வால்வு நம்பர் இல்லை, வாங்கிய ஊர் இல்லை, ஃபியூஸ் அளவுகூட இல்லை. இப்படிக் கேட்காதீர்கள் என்று இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன். படிக்காமலே கேட்பவர்கள் வால்வைத் தொடாமல் ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப் வாங்கிக்கொள்வது நல்லது. தொடத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஃபில்டர் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்பில் மாட்டி வடியவிட்டு, மீட்டரில் அளந்து பார்த்த பிறகுதான் உள்ளே கை போகவேண்டும். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றுகிற நம் ஊர்ப் பழக்கமும் வேண்டாம். ஃபியூஸ் போகாவிட்டால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் போகும், அதை மாற்றுகிற செலவு உங்களுக்குத் தாங்காது.

காரைக்குடி கிட்டார்
15 வாட் சார், பவர் வால்வு இஎல்84 இரண்டு. சிங்கப்பூரில் வாங்கியது, பின்னால் 230 என்றுதான் போட்டிருக்கிறது, வாங்கியதிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. சூடான பிறகுதான் ஃபியூஸ் போகிறது. போவதற்கு முன் ஒரு வால்வு சிவக்கிறது.

புதுவயல் சவுண்டு
சரி, வோல்டேஜ் இல்லை. அப்படியென்றால் ஜெனரேட்டர். கடைசியாக எங்கே வாசித்தீர்கள்? திருவிழா ஜெனரேட்டர் 270 வரைக்கும் ஏறியதை நானே மீட்டரில் பார்த்திருக்கிறேன். சீரியல் செட் மொத்தமும் ஒரே நேரத்தில் அணைந்தால் ஏறும்.

தேவகோட்டை பேஸ்
ஜெனரேட்டரை அப்புறம் பார்க்கலாம் அண்ணே, தம்பிக்கு வெள்ளிக்கிழமைதான் முக்கியம். தம்பி, சிவக்கிறது என்றால் எது? நடுவில் இழை ஆரஞ்சாகத் தெரிவது இயல்பு. அதைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவந்தால்தான் கோளாறு, அந்த வால்வு வழியாகக் கரண்ட் கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. அந்தத் தகடு, அதாவது இஎல்84 பிளேட், தாங்குவது 12 வாட்தான், அதனால் ரொம்ப நேரம் விடாதீர்கள்.

ஒரு சீரிஸ் போர்டு கட்டுங்கள். பழைய 100 வாட் குண்டு பல்பை ஆம்புக்குப் போகிற லைனின் நடுவே சீரிஸில் போட்டால் உள்ளே ஷார்ட் இருந்தாலும் பல்பு பளிச்சென்று எரியுமே தவிர ஃபியூஸ் போகாது. முதலில் பவர் வால்வு இரண்டையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்பு மங்கினால் டயோடும் டிரான்ஸ்ஃபார்மரும் அநேகமாக நலம். அப்புறம் அணைத்து, ஆறவிட்டு, வால்வு இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். சிவப்பும் அந்த வால்வோடு சேர்ந்து போனால் வால்வு கெட்டது. அதே சாக்கெட்டிலேயே நின்றால் முந்தைய வால்விலிருந்து சிக்னலைக் கடத்துகிற கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்து, கரண்ட்டைக் கட்டுப்படுத்துகிற கிரிட்டுக்கு பாசிட்டிவ் வோல்டேஜ் வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஸ்பீக்கர் வயரை மட்டும் எப்போதும் கழற்றாதீர்கள், லோடு இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அவுட்.

கோட்டையூர் வாசகன்
வால்வுதான் என்றால் சென்னைக்கு ஏன் அலையவேண்டும்? நம் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் வால்வு ரேடியோ அடுக்கி வைத்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு இஎல்84-ஐ உருவிப் போடுங்கள். பர்மாவிலிருந்து வந்த பெட்டியெல்லாம் நல்ல பெட்டி.

பள்ளத்தூர் ரேடியோ
தயவுசெய்து அந்த யோசனையை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வீட்டை இடித்துக் கதவு, தூண், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் லாரியில் போய்க்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் ரேடியோவையும் ஒரு வால்வுக்காகப் பிரிக்கவேண்டுமா? ஐயா காலையில் செய்தி கேட்ட பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் பாடுகிறது. தவிர, இஎல்84 வந்ததே 1950-களில். பர்மாவை விட்டு நம்மவர்கள் 1942-ல் நடந்தே வந்தார்கள், அந்தக் காலத்துப் பெட்டியில் இந்த வால்வு எப்படி இருக்கும்?

கோட்டையூர் வாசகன்
பர்மா இல்லையென்றால் மலாயா, அதனால் என்ன? ஓடாத ரேடியோவைத்தானே சொன்னேன். மச்சில் கிடந்து செல் அரிப்பதற்கு ஒரு பையன் கச்சேரி வாசிப்பது மேல்.

பள்ளத்தூர் ரேடியோ
ஓடாத ரேடியோவை ஓடவைக்கலாம், பிரித்ததை வைக்க முடியாது. பல பெட்டிகளில் இருப்பது யூஎல்84. பார்க்க ஒரே மாதிரி, அதே ஒன்பது பின். ஆனால் உள்ளே சூடேற்றுகிற இழைக்கு, அதாவது ஹீட்டருக்கு, 45 வோல்ட் வேண்டும், இஎல்84-க்கு 6.3 போதும். கண்ணாடியில் அச்சு அழிந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

சாலிடர் சார்
ரேடியோவில் ஒற்றை வால்வு ஓடும். இந்த ஆம்பில் இரண்டும் புஷ்-புல், மாறி மாறி வேலையைப் பங்கு போடும். கரண்ட் ஒத்துப்போகிற ஜோடியாகப் போடவேண்டும், ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. இதையும் எழுதியிருக்கிறேன்.

காரைக்குடி கிட்டார்
சீரிஸ் பல்பு போட்டுப் பார்த்தேன். சிவப்பும் அந்த வால்வோடு இடம் மாறியது. மதுரை நண்பரிடம் ஒரு ஜோடி இருக்கிறதாம், நாளை போகிறேன். கல்யாண வீட்டில் பழைய இரண்டு பின் பிளக் பாயிண்ட்தான், எர்த் பின்னை வெட்டிக்கொள்ளலாமா?

தேவகோட்டை பேஸ்
வெட்டவே கூடாது தம்பி! ஆம்ப் சேசிஸ் (உள்ளே இருக்கிற உலோகச் சட்டம்) உங்கள் கிட்டார் கம்பியோடு இணைந்திருக்கிறது. எர்த் இல்லாமல் உள்ளே லீக்கேஜ் ஆனால், கம்பியில் கை இருக்கும்போது மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடிக்கும், ஆளே போய்விடலாம். எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டர் போர்டிலிருந்து எர்த்தோடு தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் அதற்கு மறுக்கமாட்டார்கள். புது வால்வு போடுமுன் வால்வின் ஸ்க்ரீன் பின்னுக்குப் போகிற ஸ்க்ரீன் ரெசிஸ்டர் இரண்டையும் அளந்துவிடுங்கள், வால்வு ஷார்ட் ஆகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போகும்.

காரைக்குடி கிட்டார்
ஸ்க்ரீன் ரெசிஸ்டர் ஒன்று கருகித்தான் இருந்தது. மாற்றியாச்சு, ஜோடியும் போட்டாச்சு. சிவக்கவில்லை, ஃபியூஸ் நிற்கிறது. எர்த்துக்கும் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, ரிகர்சலுக்குப் போகிறேன்.

புதுவயல் சவுண்டு
சந்தோஷம். ஜெனரேட்டரா என்று கேட்டேனே, கடைசியாக எங்கே வாசித்தீர்கள்?

தேவகோட்டை பேஸ்
பயஸ், அதாவது வாசிக்காமல் சும்மா இருக்கும்போது வால்வில் ஓடுகிற கரண்ட், அளந்தீர்களா தம்பி? வெள்ளிக்கிழமைக்கு முன் அதை ஒருதடவை பார்த்துவிடுங்கள்.