சாய்வு உளி கை முடியை மழிக்கிறது, தேக்கில் மட்டும் நாரைப் பிடுங்குகிறது. ஏன்?

மாடி லேத்: வீட்டு மாடியில் சின்ன லேத் போட்டுக் கடைசல் பழகுகிறேன். இப்போதைக்குச் சப்பாத்திக் கட்டைதான். தேக்கு, 50 மி.மீ. விட்டம். குழி உளியால் உருட்டி எடுக்கும் வரை தொந்தரவு இல்லை. கடைசிச் சீவலுக்குச் சாய்வு உளியை (முனை சாய்வாக வெட்டிய தட்டை உளி) வைத்தால் நார் பிய்ந்து மீன் செதில் மாதிரி நிற்கிறது. 80 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து அரைமணி நேரம் தேய்க்கிறேன்.

உளி, கொல்லுப் பட்டறையில் லாரி வில்பட்டையில் அடித்து வாங்கியது. 8 மி.மீ. கனம். 6 அங்குலச் சாணையில் பிடித்து, எண்ணெய்க் கல்லில் தேய்த்து, பழைய தோல் பெல்ட்டில் பச்சை மெருகுக்கட்டி தடவி இழுக்கிறேன். கை முடி மழிகிறது. அப்புறம் என்ன குறை?

தச்சுப்பிரியன்: சாணை பிடிக்கும்போது முனை நீலமாகிறதா? ஆகிறது என்றால் பதம், அதாவது எஃகின் கடினம், போய்விட்டது. ஹைஸ்பீட் ஸ்டீல் என்கிற கருவி எஃகு அந்தச் சூட்டைத் தாங்கும். வில்பட்டை தாங்காது, 300 டிகிரியிலேயே நீலம் தட்டி மிருதுவாகிவிடும். தேக்கில் மணல் சத்து வேறு உண்டு, மெத்தென்ற கூரை நிமிடத்தில் மழுக்கிவிடும்.

மாடி லேத்: ஒரு மூலையில் லேசாக நீலம் இருக்கிறது. ஆனால் பிடித்த உடனே, முதல் சீவலிலேயே பிய்கிறதே?

பழைய கடைசல்: தம்பி, முதல் சீவலிலேயே என்றால் பதம் இரண்டாம் பட்சம். கூரின் சரிவை, அதாவது கூருக்குப் பின்னால் சாணை பிடித்த சாய்வான முகத்தைப் பாருங்கள். மார்க்கர் பேனாவால் சரிவு முழுக்கக் கறுப்பு அடித்து, தட்டையான கல்லில் அழுத்தாமல் ஒரே ஒரு இழுப்பு. மை எங்கே போனது என்று சொல்லுங்கள்.

மாடி லேத்: நடுவில் மட்டும் போயிருக்கிறது. கூர் ஓரத்திலும் அடியிலும் மை அப்படியே இருக்கிறது.

பழைய கடைசல்: அதுதான். சரிவு வயிறு தள்ளிவிட்டது. கல்லிலும் பெல்ட்டிலும் இழுக்கும்போது கை ஊசலாடியிருக்கும், பெல்ட் தொய்வாகவும் இருக்கும். முடியை மழிக்க அந்தக் கூர் போதும். லேத்தில் சரிவு மரத்தின்மேல் உட்கார்ந்தபடி கூர் சீவ வேண்டும். வயிறு உட்கார்ந்தால் கூர் மரத்தைத் தொடாது. தொடவைக்க நீங்கள் பிடியைத் தூக்குவீர்கள், சரிவின் தாங்கல் போய்விடும், உளி நாரைச் சீவாமல் பெயர்க்கும்.

சாணையிலிருந்து மறுபடி தொடங்குங்கள். சரிவின் நீளம் கனத்தைப் போல ஒன்றரை மடங்கு, உங்களுக்கு 12 மி.மீ. இரண்டு பக்கமும் அப்படிப் பிடித்தால் கூர் 40 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வரும். நீலம் ஏறிய மூலையையும் தேய்த்துத் தள்ளிவிடுங்கள். வட்டச் சக்கரம் சரிவை லேசாகக் குழிக்கும், அது நல்லது. கல்லில் வைத்தால் கூரும் அடியும் இரண்டு இடத்தில் பதிந்து உட்காரும், கை ஆடாது. பெல்ட்டைப் பலகையில் ஒட்டிவிடுங்கள். கூரை முன்னால் தள்ளாமல் பின்னால் மட்டும் இழுங்கள், பக்கத்துக்கு ஐந்தாறு தடவை.

தச்சுப்பிரியன்: சாணைச் சக்கரம் பளபளத்துப் போயிருந்தால் முதலில் டிரெஸ்ஸர் (சக்கரத்தின் மேல்பரப்பைச் சுரண்டும் கருவி) போட்டு முகத்தைத் திறந்துவிடுங்கள். நம்மூர்ச் சாணை நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 2,800 சுற்று ஓடும். மினுக்கிய சக்கரம் வெட்டாது, சுடும். மூன்று நான்கு நொடிக்கு ஒரு தடவை தண்ணீரில் முக்குங்கள். ஹைஸ்பீட் உளியை முக்காதீர்கள், கூரில் நுண்விரிசல் விடும்.

பெல்ட் விஷயத்தில் அண்ணன் சொல்வது சாய்வு உளிக்குச் சரி. உருட்டும் குழி உளிக்கு நான் சாணையோடு நிறுத்திவிடுவேன்.

பழைய கடைசல்: ஒப்புக்கொள்கிறேன். மொத்தமாகத் தள்ளும் உளிக்கு மெருகு ஏற்றி யாருக்குக் காட்டப்போகிறோம்?

மாடி லேத்: இன்று காலை செய்து பார்த்தேன். சீவல் சுருள் சுருளாக வருகிறது! 180 நம்பர் தாளே போதுமாக இருந்தது. ஒரு கட்டையில் மட்டும், ஒரு பக்கம் வழவழ, எதிர்ப்பக்கம் இன்னும் பிய்கிறது.

பழைய கடைசல்: அந்தத் துண்டில் நார் சாய்வாக ஓடுகிறது. இடமிருந்து வலம் சீவினால் ஒரு பக்கம் ஒத்துவரும், எதிர்ப்பக்கம் முரண்டுபிடிக்கும். திசையை மாற்றினால் குறை இடம் மாறும், போகாது. கூரைப் புதிதாக்கி, மெல்லிசாக ஒரு சீவல், அப்புறம் உப்புத்தாள். அடுத்த தடவை மரம் வாங்கும்போது கட்டையின் நான்கு பக்கமும் நாரைப் பார்த்து எடுங்கள்.