காலை 6 மணி அளவீட்டில் வற்றுப்பெருக்குக்கு 15 நாள் வருகிறது, ஏன்?

கல்லடி மாணவன்:
உயர்தர கணிதச் செயற்திட்டம். மட்டக்களப்பு வாவி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குக் கிட்ட, கடல் பக்கம் ஒரு கம்பத்தில் செ.மீ. குறி போட்டு தினமும் காலை 6 மணிக்கு நீர்மட்டம் எடுக்கிறோம். சைன் வளையி பொருந்துகிறது, ஆனால் ஆவர்த்தனகாலம் ஏறத்தாழ 15 நாள். புத்தகத்தில் வற்றுப்பெருக்குக்கு 12.42 மணித்தியாலம். பிழை கம்பத்திலா, கணக்கிலா சேர்?

வாவிக்கரை:
இரண்டிலும் இல்லை தம்பி, இடைவெளியில். பெருக்கு ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தி வரும். நீங்கள் 6 மணிக்கே போவதால் இன்று உச்சத்தைப் பார்ப்பீர்கள், நாளை உச்சத்துக்குச் சற்று முன். 50 நிமிடம் 50 நிமிடமாகச் சேர்ந்து 12.42 மணி ஆக 14.77 நாள் எடுக்கும். உங்கள் வளையி அதைத்தான் வரைகிறது. பறுவத்துக்கும் அமாவாசைக்கும் வற்றுப்பெருக்கு கூடுவதும் 14.77 நாளுக்கு ஒருமுறைதான். இரண்டையும் குழப்ப வேண்டாம். அங்கே மாறுவது வீச்சம் (ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரிது என்பது), உங்கள் வரைபில் ஏறி இறங்குவது மட்டம்.

மணிக்கொரு தரம் அளவுங்கள், 15 நாளுக்கு. இரவில் விடுபட்டாலும் இழிவு வர்க்க முறைக்கு (வழுக்களின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறையும்படி வளையியைப் பொருத்துவது) பாதகமில்லை, நேரத்தை மட்டும் சரியாக எழுதுங்கள். எங்கள் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்குள் அடங்கும் என்பதால் அலையே அதை மூடிவிடும். பிவிசி குழாயை நட்டு, அடியை அடைத்து, குழாய் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலமான ஒரு துளை மட்டும் விட்டு உள்ளே அளவுங்கள்.

கணக்குப்பெட்டி:
அவத்தையை (சைன் எங்கே தொடங்குகிறது என்பதை) நேரடியாகத் தேடப் போனால் எக்ஸல் சுற்றிச் சுற்றி வரும். இப்படிப் பிரியுங்கள்:

மட்டம் = ச + அ·கோசைன்(0.5059·நே) + ஆ·சைன்(0.5059·நே)

நே, மணியில் எண்ணிய நேரம்; ச, சராசரி மட்டம்; அ, ஆ கண்டுபிடிக்க வேண்டிய குணகங்கள். கோசைனுக்கு ஒரு நிரல், சைனுக்கு அடுத்த நிரல், பிறகு எக்ஸலின் லினெஸ்ட் (LINEST) சார்பு. அது குணகங்களைத் தலைகீழாகத் தரும்: முதலில் ஆ, பிறகு அ, கடைசியில் ச. பலர் வழுக்கும் இடம் இது. வீச்சம், அ, ஆ இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம். எக்ஸல் ஆரையனில் வேலை செய்யும். கல்குலேற்றர் பாகையில் இருந்தால் 0.5059க்குப் பதில் 28.98.

பொருந்திய பிறகு மீதியை (அளந்த மட்டத்திலிருந்து வளையியின் மட்டத்தைக் கழித்தது) வரைந்து பாருங்கள். அதிலும் அலை தெரிந்தால் வற்றுப்பெருக்கின் மற்ற ஆவர்த்தனகாலங்களான 12.00, 23.93, 25.82 மணித்தியாலம் ஒவ்வொன்றுக்கும் இவ்விரண்டு நிரல் சேருங்கள். 15 நாள் கேட்டதே இதற்குத்தான்; 3 நாள் தரவில் 12.00ஐயும் 12.42ஐயும் பிரிக்க முடியாது.

வாவிக்கரை:
வாவிக்கு மேலுள்ள கல்லடிப் பாலத்தடியில் அளக்க நினைக்காதீர்கள். மண் மூடி முகத்துவாரம் அடைபட்டிருக்கும் காலத்தில் வாவிக்குள் வற்றுப்பெருக்கே இராது. திறந்திருந்தாலும் வீச்சம் குறைந்து, பிந்தியே வரும். மாரி வெள்ளத்தில் மட்டத்தைத் தீர்மானிப்பது ஆற்றுநீர்.

கணக்குப்பெட்டி:
ஒரே சைனில் அடங்கும் தரவு போதுமென்றால், வற்றுப்பெருக்குக்குப் பதில் மட்டக்களப்பின் பகல் நீளம் அழகாகப் பொருந்தும்:

நிமிடம் = 727 + 27·சைன்(0.986·(நா − 80)) [பாகை]

நா, ஜனவரி 1 முதல் எண்ணிய நாள். ஜூன் 21 அளவில் 12 மணி 34 நிமிடம், டிசம்பர் 21 அளவில் 11 மணி 40. நடுமட்டம் 720 அல்லாமல் 727 ஆவது, சூரியனின் மேல்விளிம்பைக் கணக்கெடுப்பதாலும் வளிமண்டலம் ஒளியை வளைப்பதாலும். சூரிய உதய நேரத்தை மட்டும் இந்தச் சைனில் அடக்கப் பார்க்காதீர்கள். மிகப் பிந்திய உதயம் இங்கே டிசம்பரில் அல்ல, ஜனவரிக் கடைசியை ஒட்டி வரும். மாத மழைக்கும் ஒற்றைச் சைன் ஆகாது. மாரியில் குவிந்து கோடையில் கிட்டத்தட்ட நின்றுவிடும் மழைக்கு வளையி சில மாதங்களில் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். 6 மாத ஆவர்த்தனகாலமுள்ள கோசைன், சைன் சோடி ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள்.