படையிலிருந்து திரும்பியவர்களுக்கு உலோகச் சிற்பம்: பட்டறையில் கவனித்தவை

முன்னாள் வீரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் முதல் நாளே வெல்டிங்கில் இறக்கிவிடாதீர்கள். தீப்பொறியைவிட ஆளை உலுக்குவது சத்தம். ஆங்கிள் கிரைண்டர் (இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் உதவும் கைக்கருவி) 100 டெசிபெல்லை ஒட்டி வரும். இரும்புத் துண்டு தரையில் விழுவது அதைவிட மோசம், சொல்லாமல் வருவதால். மேசையைச் சுற்றி ரப்பர் பாய் விரியுங்கள். கிரைண்டரைத் தொடுமுன் “போடுறேன்” என்று குரல் கொடுப்பது எல்லாருக்கும் கட்டாயம். நிற்கும் இடமும் முக்கியம்: முதுகுக்குப் பின்னால் சுவர், கண்ணெதிரே வாசல். வெல்டிங் முகமூடியைக் கவிழ்த்துவிட்டால் சுற்றுமுற்றும் எதுவும் தெரியாது. பின்னால் ஆள் நடமாடினால் கவனம் வேலையில் நிற்காது.

தொடங்க நல்லது 0.8 மி.மீ. செம்புத் தகடு. மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் இளகிவிடும். அடிக்க அடிக்க இறுகும், ஓசை கணீரென்று மாறும், சுத்தியல் துள்ளும். உடனே மறுபடி சூடாக்க வேண்டும்; விட்டால் விளிம்பில் விரிசல் விழும். இதுவும் சத்தமான வேலைதான். ஆனால் அடுத்த அடி எப்போது விழும் என்பது அடிக்கிற கைக்கே தெரியும் என்பதால் திடுக்கிடல் குறைவு.

*

செம்புக்குப் பிறகு வெல்டிங்குக்குப் போகிறவர்களுக்கு: 3 மி.மீ. இரும்புக்கு 2.5 மி.மீ. 6013 ராடு (மின்பொறியில் உருகி இரும்பை ஒட்டவைக்கும் கம்பி), 70 முதல் 80 ஆம்ப்ஸ். குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும், கூடினால் ஓட்டை விழும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு டிக் வெல்டிங் (உருகாத டங்ஸ்டன் முனையால் பற்றவைப்பது) வேண்டாம். டங்ஸ்டன் முனை உருகலில் பட்டுப் பட்டுக் கெடும், எரிச்சல்தான் மிஞ்சும். ராடு வைத்துச் செய்யும் ஆர்க் வெல்டிங்கில் முழங்கையை மேசையில் ஊன்றி, மறு கையால் மணிக்கட்டைத் தாங்கினால் போதும். ஒரு பக்கம் டேக் (சிறு பற்று) வைத்ததும் எதிர்ப்பக்கம் வையுங்கள். இல்லாவிட்டால் பற்று ஆறும்போது சுருங்கி இழுக்கும், உருவம் ஒருபக்கமாகச் சாயும்.

ராடு ஒன்று எரிய ஏறக்குறைய ஒரு நிமிடம். அந்த நேரம் முழுக்கக் கண் உருகிய குட்டையில்தான். பிறகு முகமூடியைத் தூக்கி, மூச்சு விட்டு, பாதுகாப்புக் கண்ணாடியோடு, பற்றின் மேல் படிந்த கசடைத் தட்டலாம். இந்த இடைவெளியை அவசரப்படுத்தாதீர்கள். மனம் அடங்குவதற்கு இந்த ஒழுங்கு பெரிய துணை என்பது என் உறுதியான எண்ணம். மருத்துவத்துக்கு மாற்று அல்ல. தூக்கமோ தலைச்சுற்றலோ தரும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே கிரைண்டரைத் தொட வேண்டும்.

*

பழைய இரும்பு பொறுக்கும்போது ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒதுக்குங்கள். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் குளிரும் வரும். இரவில் வியர்த்து நடுங்கினால், போர் நினைவுகளின் பழைய தொல்லை திரும்பிவிட்டது என்று அந்த வீரர் பயந்துபோகக்கூடும். பெயின்ட்டையும் எண்ணெயையும் முன்பே சுரண்டி எடுங்கள். கருகும் நாற்றமே சிலருக்கு நினைவைக் கிளறும்.

வெற்றுத் தோட்டாக் கூட்டைச் சிற்பத்தில் வைக்க ஆசைப்படுவார்கள். வைப்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. ஆனால் சூடு காட்டக் கூடாது: பித்தளையிலும் துத்தநாகம் உண்டு, அடியில் வெடிக்காத பிரைமர் (தோட்டா மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி) இருந்தாலும் ஆபத்து. சுடப்பட்ட கூடுதானா என்று உறுதிசெய்துகொண்டு, இரும்பில் வளையம் செய்து அதற்குள் செருகிவிடலாம்.