டிராக்டர் பின் சக்கரம் கழட்டுறது: புதுப்பிப்பு

டியூப் மாத்த டிராக்டர் பின் சக்கரத்த வீட்டுலயே கழட்டலாமான்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, நல்லபடியா முடிஞ்சுதுங்க. முன் ஆக்சில் (முன் சக்கரம் ரெண்டையும் தாங்குற இரும்புச் சட்டம்) நடுவுல ஒரு இரும்பு முளையில மாட்டி ரெண்டு பக்கமும் ஆடும், பின்னாடி தூக்கினா வண்டி ஒரு பக்கமா சாஞ்சிரும்னு ஒரு அண்ணன் சொன்னாரே, அதுதான் உசுர காப்பாத்துற விஷயம், அந்த முன் ஆக்சிலுக்கு மேல, வண்டி உடம்புக்கு நடுவுல, ரெண்டு பக்கமும் கருவேல ஆப்பு அடிச்சு இறுக்கிட்டுதான் ஜாக்கியவே எடுத்தேன். மண் தரைங்கறதால ஜாக்கிக்கு அடியில கனமான பலகை. மத்த சக்கரத்துக்கெல்லாம் முன்னும் பின்னும் கட்டை. சக்கரத்து நட்டுகள சக்கரம் தரையில இருக்கும்போதே லூஸ் பண்ணிருங்க. தூக்கினதும் பின் ஆக்சில் ஹவுசிங்குக்கு (ஆக்சில மூடியிருக்குற இரும்புக் கூடு) அடியில ஸ்டாண்டு, ஜாக்கிய மட்டும் நம்பி உள்ள கைய விடாதீங்க, ஜாக்கிக்குள்ள எண்ணெய் கசியாம அடைக்கிற சீல் போச்சுன்னா அப்படியே எறங்கிரும். முட்டுக் கொடுக்க ஹாலோ பிளாக் (உள்ள ஓட்டையா இருக்குற சிமெண்ட் கல்) வேணவே வேணாம், பொசுக்குனு நொறுங்கிரும். டயர்ல தண்ணி ரொப்பியிருந்தா முதல்ல வடிச்சிருங்க, கனம் தாங்காது.