லுசேர்ன் மரப்பாலத்தில் உங்களுக்கு என்ன நடந்தது?

போன சனிக்கிழமை அம்மாவை இங்கே சுவிட்சர்லாந்தில் இருக்கிற லுசேர்னுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். கோவையிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகுது. சூரிச்சிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் கபெல்புரூக்கெ. ஏரியிலிருந்து வர்ற ரோய்ஸ் ஆற்றை நேராகக் கடக்காமல் கோணலாக, நடுவில் மடங்கிப் போகிற மரப்பாலம். மேலே ஓட்டுக் கூரை, 200 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், பக்கத்திலேயே தண்ணீருக்குள் எட்டுப்பட்டைக் கோபுரம்.

எல்லாரும் கூரையில் இருக்கிற ஓவியத்தை அண்ணாந்து பார்த்துட்டு இருக்க, அம்மா கைப்பிடிச் சுவரைப் பார்த்தாங்க. "ஏன் கண்ணு, ஏரிப் பக்கம் மட்டும் ஒசரமா இருக்குது?"

ஆறு வருஷமா இந்த நாட்டில் இருக்கேன், அது என் கண்ணில் பட்டதே இல்லை. 14ஆம் நூற்றாண்டில் இதை ஆள் நடக்க மட்டும் கட்டலை, ஊரின் கோட்டைச் சுவரில் ஒரு பகுதியாகவும் கட்டியிருக்காங்க. எதிரி ஏரி வழியா வந்தால் மறைஞ்சு நிற்க அந்த உயரம். அம்மா அதோட விடலை. தாத்தா மரம் அறுக்கிற மில்லில் இருந்தவர், அந்தக் கண்ணு. ஒரு தூணைத் தடவிப் பார்த்துட்டு, "இது வேற காலத்து மரம். நடுவுல ஏதோ ஆயிருக்குது" ன்னாங்க.

ஆமாம், 1993இல் எரிஞ்சது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்தப் பாலத்தில் உங்களுக்கு நடந்ததை எழுதுங்களேன். செல்ஃபி கதை வேண்டாம்.

*

நம்முடையது செல்ஃபி கதைதான், மன்னிக்கணும். பதினோரு நாளில் ஏழு நாடு டூர். லுசேர்னுக்கு கைடு கொடுத்தது 25 நிமிஷம். அதில் பாதி, கழிப்பறைக்குச் சில்லறை மாற்றுவதிலேயே போச்சு. பாலத்தில் பாதி தூரம் ஓடி, படம் எடுத்து, திரும்பி ஓடினோம். பாலம் எரிஞ்ச விஷயமே இங்கே படிச்சுத்தான் தெரியுது.

*

நான் 90இல வந்தனான். பழைய நகரில ஒரு ரெஸ்டோறண்டில கோப்பை கழுவுற வேலை. 93 ஆகஸ்ட் 17 இரவு, அடுப்படி எல்லாம் துடைச்சு முடிய பன்னிரண்டு தாண்டிப் போச்சு. வெளியில வந்தா வானம் சிவந்து கிடக்குது. ஆரோ வாணம் விடுகினம் எண்டுதான் முதல் நினைச்சன்.

ஆத்தங்கரைக்கு வந்தாப் பாலம் எரியுது. நூற்றாண்டுக் கணக்கில காஞ்ச மரம். நெருப்பு கூரைக்குள்ளால ஓடினது எண்டுதான் சொல்லவேணும், எரிஞ்சது எண்டு இல்லை. ஓடு படீர் எண்டு வெடிக்கும், பிறகு துண்டு துண்டாத் தண்ணியில விழுந்து சுர் எண்டும். அந்தச் சுர் சத்தம் இப்பவும் காதில கிடக்குது. பாலத்துக்குக் கீழ கட்டியிருந்த படகில தொடங்கினது எண்டு பிறகு சொன்னவை. அணைக்காத சிகரெட் எண்டுதான் சந்தேகம்.

எனக்குப் பக்கத்தில ஒரு வயசான மனுசன், இரவு உடுப்போட, சப்பாத்து மட்டும் போட்டுக்கொண்டு வந்து நிண்டவர். அழுதுகொண்டு நிண்டவர். எனக்கு அப்ப டொச், அதுதான் ஜெர்மன் பாஷை, சரியா வராது. தெரிஞ்ச நாலு சொல்லை வைச்சு, எங்கட ஊரிலயும் புத்தக வீடு எரிஞ்சது எண்டு சொன்னன். 81இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சபோது எனக்கு 14 வயசு. விடிய அப்பு சைக்கிள் பாரில இருத்திக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர். 97,000 புத்தகம் எண்டு பிறகுதான் கணக்குத் தெரியும். அண்டைக்கு நான் கண்டது சாம்பல் மட்டும்தான்.

அந்த மனுசன் விளங்கின மாதிரித் தலையாட்டினார். விளங்கியிருக்காது.

கோபுரம் தப்பிச்சுது, கல்லெல்லோ. பாலத்தின்ர இரண்டு அந்தமும் தப்பிச்சுது. தங்கச்சி, உங்கட அம்மா தடவின மரம் அந்தத்திலயோ நடுவிலயோ எண்டு கேட்டுப் பாருங்கோ. நடு முழுக்கப் புதுசு. 94 ஏப்ரல் 14 திறந்திட்டினம், எட்டு மாசம் முழுசா முடியேல்லை. அண்டைக்கு எங்களுக்குச் சித்திரை வருசப்பிறப்பு. பொங்கிப்போட்டு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய் நடந்தனாங்கள். புது மர மணம், தச்சுப் பட்டறைக்குள்ள நிக்கிற மாதிரி.

எங்கட நூலகம் 84இல திறந்து, திரும்பச் சண்டையில உடைஞ்சு... அதை எழுத வெளிக்கிட்டா இண்டைக்கு முடியாது.

*

நான் இங்கே பிறந்தவள், என் தமிழைத் திருத்தாதீங்கோ. எங்கட அப்பாவும் கோப்பையில தொடங்கினவர்தான்.

நாலாம் வகுப்பில பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவை. முக்கோணப் பலகைப் படங்கள், 17ஆம் நூற்றாண்டில வரைஞ்சது. முதல் படத்தில ஒரு இராட்சதன், கையில பிடுங்கின மரம். 1577இல ரைடன் என்ற ஊரில ஒரு ஓக் மரம் சாய்ஞ்சு, வேருக்குக் கீழே பெரிய எலும்புகள் வந்ததாம். பெரிய மருத்துவர் ஒருவர் பார்த்து, இது இராட்சதன்தான் என்று உயரமும் கணக்குப் போட்டுக் குடுத்திட்டார். உண்மையில அது மாமத் யானை! டீச்சர் சொல்ல நாங்கள் சிரிச்சு உருண்டோம்.

அந்த ஞாயிறு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் டொச் வரிகளைத் தமிழில சொன்னேன். ஒவ்வொரு படத்திலயும் பணம் குடுத்த குடும்பத்தின் சின்னம் இருக்கும். அப்பா உடனே, "கோயில் டியூப் லைட்டில வெளிச்சத்தை மறைச்சு உபயம் எண்டு எழுதுற மாதிரி" என்றார். இப்ப அதைப் பார்த்தா எனக்கு டியூப் லைட்தான் ஞாபகம் வருது.

முதலில 158 படம், தீக்கு முன்னம் 147 மிஞ்சியிருந்தது. எரிஞ்சதில முழுசாச் சரிப்படுத்த முடிஞ்சது 30தான். கன முக்கோணங்கள் இப்பவும் வெறுமையா இருக்கு. எனக்கு அது பிடிக்கும். நகல் செய்து நிரப்பினா அது அந்தப் படமா?

*

எல்லாரும் ஒரே பாலத்தில் நிற்கிறீர்கள். கொஞ்சம் கீழே நடந்தால் இன்னொரு கூரைப்பாலம், ஸ்ப்ரோயர்புரூக்கெ, 1408இல் முடித்தது. தமிழில் உமிப்பாலம் என்று சொல்லிக்கொள்ளலாம். பக்கத்தில் மாவு மில்கள். உமியை ஆற்றில் கொட்ட அந்த ஒரு பாலத்தில் மட்டும்தான் அனுமதி, ஏனென்றால் கடைசியாக இருந்த பாலம் அது. உள்ளே சாவின் நடனம் வரைந்திருக்கிறது: அரசன், வியாபாரி, மணப்பெண் என்று ஒருவர் விடாமல் எலும்புக்கூடு கையைப் பிடித்து இழுக்கிறது.

நான் பொதுப்பணித்துறையில் மதகும் ஷட்டரும் பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் என்னை நிறுத்தியது ஓவியம் இல்லை, பாலத்தை ஒட்டியிருக்கும் தடுப்பணை. 1859-60இல் கட்டியது. ஷட்டர் கிடையாது. நீளமான மரச்சட்டங்களை ஊசி மாதிரி நெருக்கமாகச் செருகி வைத்திருக்கிறார்கள். ஏரியில் தண்ணீர் ஏறினால் ஒவ்வொன்றாக உருவ வேண்டும், குறைந்தால் திரும்பச் செருக வேண்டும், எல்லாம் கையால். நான் போன அன்று ஒருவர் உருவிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் நின்றேன். சட்டம் முழுசாக வெளியே வந்ததும் அந்த இடைவெளியில் பச்சைத் தண்ணீர் நாக்கை நீட்டுகிற மாதிரிப் பாயும். நம்ம ஊரில் மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் மாதிரியே, வேலையை முடித்துக் கையை உதறிவிட்டு ஆற்றை ஒருதரம் முறைத்தார். 2005 வெள்ளத்துக்குப் பிறகு அணையை விரிவாக்கினார்கள், ஊசிகளை எடுக்கவில்லை. மகள்தான் வந்து இழுத்துக்கொண்டு போனாள்.

*

கோபுரத்தை ஒருத்தரும் சொல்லலை. முன்னாடி சிறை, சித்திரவதைக் கூடம், கருவூலம், எல்லாமா இருந்தது. இப்போ மேல்மாடத்தில் ஆல்ப்ஸ் உழவாரன் கூடு கட்டுது, வெள்ளை வயிறு. குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்கா போயிரும். ஆறு மாசத்துக்கு மேல தரையிறங்காமலேயே பறக்கும்னு சுவிஸ் ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. கோடையில் சாயங்காலம் போங்க, கீச்சுச் சத்தத்தில் கைடு பேசறது கேட்காது.

*

முதலில் எழுதினவள்தான். எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். தடவினது நடுவில் இருந்த தூண்தானாம், அதைக் கேட்டதும் பெருமை தாங்கலை. யாழ்ப்பாணத்து அண்ணாவிடம் ஒண்ணு கேட்கச் சொன்னாங்க: அழுதுட்டு நின்ன பெரியவரை அப்புறம் பார்த்தீங்களா?

*

கண்டனான், தங்கச்சி. ஆத்தங்கரையில செவ்வாயும் சனியும் சந்தை கூடும், அங்க இரண்டு மூண்டு தரம். கையில லீக்ஸ் கட்டு. கையைத் தூக்குவார், நானும் தூக்குவன். பேர் கேக்கேல்லை.