புதுப்பிப்பு: சாபிக்ஸில் மாறி மாறி விழுந்த இரண்டு ஸ்விட்சுகள் (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஜூரோங் கிடங்கில் இரண்டு நெட்வொர்க் ஸ்விட்சுகளை, கருவிகளின் நிலையைக் கேட்டறியும் எஸ்என்எம்பி வி3 நெறிமுறை மூலம், சாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் சேர்த்ததும், ஒன்று தரவு தந்தால் மற்றது பதில் தராமல் டைம்அவுட் ஆகிறது என்று எழுதியிருந்தேன். கையால் எஸ்என்எம்பிவாக் என்ற கட்டளையை ஓட்டினால் இரண்டுமே ஒழுங்காகப் பதில் தந்தன.

டைம்அவுட்டைக் கூட்டிப் பார்த்தேன், பலனில்லை. ஃபயர்வாலில் எஸ்என்எம்பிக்கான யூடிபி 161 போர்ட் திறந்துதான் இருந்தது. "இரண்டின் எஞ்சின் ஐடியையும் ஒப்பிட்டுப் பாருங்க தம்பி" என்று ஓர் அண்ணன் சொன்னாரே, அதுதான் விடை. எஞ்சின் ஐடி என்பது வி3-இல் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாளம். அதைத் தரும் 1.3.6.1.6.3.10.2.1.1.0 என்ற ஓஐடியை (தரவின் முகவரி எண்) இரண்டிலும் கேட்டேன். இரண்டும் அச்சு அசல் ஒன்றே. முதல் ஸ்விட்சின் கான்ஃபிகை (அமைப்புக் கோப்பை) அப்படியே இரண்டாவதில் ஏற்றியவன் நான்தான், எஞ்சின் ஐடி வரியும் கூடவே போய்விட்டது.

வி3-இல் சாபிக்ஸ் ஒவ்வொரு எஞ்சின் ஐடிக்கும் பூட் எண்ணிக்கையையும் (கருவி எத்தனை முறை ரீஸ்டார்ட் ஆனது) அதன் பின் ஓடிய நேரத்தையும் நினைவில் வைக்கிறது. நேரம் 150 வினாடிக்கு மேல் விலகினால் பாக்கெட் நிராகரிக்கப்படும். ஒரே ஐடியில் இரண்டு கடிகாரம் என்றால் எப்படி ஒத்துப்போகும்? எஸ்என்எம்பிவாக் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு அறிவதால் அதில் கோளாறு தெரியவில்லை.

எதிர்பாராத ஒன்று: ஐடியை மாற்றியதும் வி3 பயனர் உள்நுழைவு தோற்றது. கடவுச்சொல் சாவி எஞ்சின் ஐடியோடு சேர்த்தே உருவாகிறது, அதனால் பயனரை அழித்து மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது. பிறகு சாபிக்ஸ் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். மூன்று நாளாக வரைபடத்தில் ஓர் இடைவெளிகூட இல்லை.